பன்றி ஈரல்: மருந்துக்கும் தீவனத்துக்கும் ஒரே வேர்

இறைச்சிக்கூடத்தில் பன்றியின் வயிற்றைத் திறந்ததும் ஈரலைத் தனியே எடுத்து ஒரு தட்டில் வைப்பார்கள். கால்நடை மருத்துவர் முதலில் கண்ணால் பார்ப்பார். பிறகு விரலால் அழுத்திப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் கத்தியால் கீறுவார். நல்ல ஈரல் செம்பழுப்பு நிறத்தில் பளபளவென்று, விளிம்பு கூராக இருக்கும். சில ஈரல்களில் பால் தெறித்ததுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். பன்றியின் குடலில் வாழும் உருளைப்புழுவின் இளம்புழுக்கள் குடல்சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு ஈரலுக்குள் நுழைந்து, நுரையீரலுக்குப் போகும் வழியில் விட்டுச்சென்ற தழும்புகள் அவை. இறைச்சிப் பரிசோதகர்கள் அதற்கு ‘மில்க் ஸ்பாட்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். புள்ளி நிறைந்த ஈரல் மனிதர் தட்டுக்கு வராது.

தேறிய ஈரல் சமையலறைக்குப் போகும். அதில் ஒரு பங்கு மருந்துத் தொழிற்சாலைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் போகும். சாப்பிட ஆளில்லாமல் மிஞ்சுவது நாய், பூனைத் தீவனத்துக்குப் போகும். உலகில் ஆண்டுக்கு 100 கோடிக்கும் மேற்பட்ட பன்றிகள் அறுக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் ஒன்றரை, இரண்டு கிலோ ஈரல். இத்தனை மலிவாக, இத்தனை ஏராளமாகக் கிடைக்கிற பெரிய உறுப்பு வேறு அதிகம் இல்லை. விஞ்ஞானம் அதைத் தேடி வந்ததற்கு அதுவே முதல் காரணம்.

மருந்து ஒரு துறை, தீவனம் வேறொரு துறை என்று பேசிப் பழகிவிட்டோம். அமைச்சகமும் வேறு, கல்லூரியும் வேறு. ஆனால் ஈரலின் வரலாற்றைப் பின்தொடர்ந்து போனால், இரண்டுமே ‘ஈரலுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?’ என்ற ஒரே கேள்வியில் முளைத்தவை என்பது தெரியும். அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளில் சில கோடிக்கணக்கான உயிரைக் காத்தன. ஒன்று, இன்றுவரை நம்மைத் துரத்துகிறது.

ரத்தம் ஊறுகிற கதை

‘உடம்பில ரத்தமே இல்ல, ஈரல் வாங்கி வறுத்துக் குடு’ என்பது நம் ஊர்க் கிழவிகளின் வைத்தியம். கறிக்கடையில் ‘சுவரொட்டி இருக்கா?’ என்று கேட்டு, ஆட்டின் மண்ணீரலை வாங்கிப்போய்ச் சுட்டுக் கொடுப்பதும் அதே நம்பிக்கையில்தான். இந்த நம்பிக்கைக்கு எண்ணிக்கையில் ஆதாரம் உண்டு. 100 கிராம் பச்சைப் பன்றி ஈரலில் சுமார் 23 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதே அளவு மாட்டு ஈரலில் ஏறக்குறைய 5 மில்லிகிராம்தான். வைட்டமின் பி12 சுமார் 26 மைக்ரோகிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 2.4 மைக்ரோகிராம். ஒரு துண்டு ஈரலில் பத்து நாள் தேவை அடங்கிவிடுகிறது.

நவீன மருத்துவம் இந்த இடத்துக்கு வந்து சேர 1920கள் ஆயின. அமெரிக்காவில் ஜார்ஜ் விப்பிள் என்ற மருத்துவ ஆய்வாளர் நாய்களிடமிருந்து ரத்தத்தை வெளியேற்றி, எந்த உணவு கொடுத்தால் ரத்தம் சீக்கிரம் ஊறுகிறது என்று பார்த்தார். ஈரல்தான் முதலிடம் பிடித்தது. அந்த முடிவைப் படித்த பாஸ்டன் மருத்துவர்கள் ஜார்ஜ் மைனாட்டும் வில்லியம் மர்ஃபியும் அதைப் ‘பெர்னிஷஸ் அனீமியா’ என்ற கொடிய ரத்தசோகை வந்த நோயாளிகளிடம் சோதித்தார்கள். அந்தக் காலத்தில் அந்த நோய் வந்தால் மரணம் உறுதி. நாக்கு புண்ணாகி, தோல் எலுமிச்சை நிறத்துக்கு வெளுத்து, கால் மரத்து, ஓரிரு ஆண்டுகளில் ஆள் போய்விடுவார். 1926இல் 45 நோயாளிகளுக்குத் தினமும் அரைகுறையாக வெந்த ஈரலைச் சாப்பிடக் கொடுத்த முடிவுகளை இருவரும் வெளியிட்டார்கள். ஓரிரு வாரத்தில் புதிய ரத்த அணுக்கள் கூட்டமாகக் கிளம்பின. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1934இல் மூவருக்கும் நோபல் பரிசு.

இதில் வேடிக்கையான ஒரு முரண் உண்டு. விப்பிளின் நாய்களுக்கு உதவியது முக்கியமாக ஈரலின் இரும்பு. மைனாட்டின் நோயாளிகளைக் காப்பாற்றியது பி12. தவறான வழியில் போய்ச் சரியான ஊரை அடைந்த கதை இது.

பன்றி இந்தக் கதைக்குள் இன்னொரு வாசல் வழியாகவும் வந்தது. பாஸ்டனின் வில்லியம் காசில் என்ற இளம் மருத்துவர், பெர்னிஷஸ் அனீமியாக்காரர்களின் கோளாறு வயிற்றில் இருக்கிறது என்று சந்தேகப்பட்டார். 300 கிராம் அரைவேக்காட்டு மாட்டுக்கறியைத் தாமே தின்று, ஒரு மணி நேரம் கழித்து வாந்தியாக வெளியே எடுத்து, அதைச் செரிக்கவைத்துக் குழாய் வழியாக நோயாளிகளுக்குச் செலுத்தினார். ரத்தம் ஊறியது. வெறும் கறி கொடுத்தபோது ஊறவில்லை. நல்ல இரைப்பையில் சுரக்கும் ஏதோ ஒன்று இல்லாமல், உணவிலுள்ள சத்து உடம்பில் சேராது என்று இதனால் தெரிந்தது. 1929 வாக்கிலேயே பன்றியின் இரைப்பையைக் காயவைத்து அரைத்த தூள் மருந்தாகக் கடைக்கு வந்தது. ஈரலை விழுங்க முடியாமல் குமட்டியவர்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

கால்கிலோ அளவு ஈரலை நாள் தவறாமல் தின்பது சாதாரண காரியமல்ல. ஆகவே ஈரலைக் காய்ச்சி வடித்துச் சாறாக்கினார்கள். பிறகு அந்தச் சாற்றை ஊசியாக்கினார்கள். நம் ஊரிலும் ‘லிவர் எக்ஸ்ட்ராக்ட் ஊசி’ போட்டுக்கொண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. மரத்துப்போன இடுப்பைத் தேய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதை அவர்கள் மறக்கவில்லை.

கோஷா ஆஸ்பத்திரியும் சென்னை மருத்துவக் கல்லூரியும்

கதையின் இந்தக் கட்டத்தில் நம் நிலத்துக்கு உண்மையான தொடர்பு இருக்கிறது. அது போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிப் பெண்கள் கடும் ரத்தசோகையில் செத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு வந்து ஆய்வைத் தொடர்ந்தார். 1931 தொடக்கத்தில் அவர் வேலை பார்த்தது சென்னை கோஷா ஆஸ்பத்திரியில். இன்று அது திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனை. அந்தப் பெண்களின் ரத்த அணுக்கள் பெர்னிஷஸ் அனீமியாவில் போலவே பெருத்துத்தான் இருந்தன. ஆனால் நோய் வேறு. மலிவான ஈஸ்ட் சாறு கொடுத்தால் குணமானது. முரட்டுத்தனமாக வடித்த ஈரல் சாறும் குணமாக்கியது. நன்றாகச் சுத்திகரித்த ஈரல் சாறு மட்டும் வேலைசெய்யவில்லை.

சுத்தமாக்கினால் மருந்தின் வீரியம் கூடும் என்றுதானே நினைப்போம்? இங்கே குறைந்தது. ஈரலுக்குள் ரத்தம் ஊறவைக்கும் பொருள் ஒன்றல்ல, குறைந்தது இரண்டு என்பதற்கு இதுவே சாட்சி. சுத்திகரிப்பில் வெளியே போனது பிற்காலத்தில் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. இன்று கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் இரும்போடு இருப்பது அதுதான்.

அந்த அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவின் தலைவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பெயர் யெல்லப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் 1895இல் பிறந்தவர். உடன்பிறந்தவர் இருவரை ‘ஸ்புரூ’ என்ற வெப்பமண்டலக் குடல்நோய்க்குப் பறிகொடுத்தவர். அதே நோய் அவரையும் பிடித்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லக்ஷ்மிபதி கொடுத்த மருந்தில் பிழைத்தார். கல்லூரியில் கதர் உடுத்தி அறுவைக்கூடத்துக்குள் போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறினார். அமெரிக்கா போய் ஹார்வர்டில் உழைத்து, 1940களில் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைவர் ஆனார். ஈரலிலிருந்து ஃபோலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பைக் கண்டறிந்து, 1945இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தது அவர் வழிநடத்திய குழு. ஃபோலிக் அமிலம் கைக்கு வந்ததும் முதலில் பயன்பட்ட நோய்களில் ஸ்புரூவும் ஒன்று. இளம் வயதில் தன் வீட்டை அழித்த நோய்க்கு அவருடைய ஆய்வகமே மருந்தை அனுப்பியது.

அதே ஆய்வகம் ஃபோலிக் அமிலத்தின் உருவை லேசாக மாற்றி, அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் செய்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதில் ஒன்றை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948இல் அவர் வெளியிட்ட முடிவில், 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாகவேனும் நோய் பின்வாங்கியிருந்தது. மெத்தோட்ரெக்ஸேட் அந்தக் குடும்பத்தில் வந்தது. இன்று மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு மாத்திரையாக அதை விழுங்குகிறவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். ஈரல் சாற்றில் தொடங்கிய தேடல் வந்து சேர்ந்த இடம் இது. சுப்பாராவ் அந்த ஆண்டு ஆகஸ்டில் தூக்கத்திலேயே இறந்துபோனார்.

கோழிக்குஞ்சு எடைபோட்ட நாள்

இப்போது தீவனத்துக்கு வருவோம். இரண்டு பாதைகளும் சந்தித்த இடம் அதே பேர்ல் ரிவர் வளாகம்தான்.

இரண்டாம் உலகப் போரில் மீன்மாவு தட்டுப்பாடாகி, அமெரிக்கக் கோழிப்பண்ணைகள் சோயா மாவுக்கு மாறின. தாவரத் தீவனம் மட்டும் தின்ற கோழிகளின் முட்டை சரியாகப் பொரியவில்லை. பொரித்த குஞ்சுகளும் தேறவில்லை. கொஞ்சம் மீன்மாவோ ஈரலோ, ஏன், மாட்டுச்சாணமோ சேர்த்தால்கூடத் தேறின. விலங்குப் பொருளில் மட்டும் இருக்கும் அந்த மர்மச் சத்துக்கு ‘அனிமல் புரோட்டீன் ஃபேக்டர்’ என்று பெயர் வைத்தார்கள்.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் கோழியியல் துறையில் இருந்த மேரி ஷார்ப், ஈரல் சாறு இல்லாமல் வளராத ஒரு பாக்டீரியாவைப் பிடித்துக்கொண்டார். ஒரு சாற்றில் அந்த பாக்டீரியா எவ்வளவு வளர்கிறதோ, அந்த அளவுக்கு அந்தச் சாறு பெர்னிஷஸ் அனீமியாவையும் குணமாக்கும் என்று கணித்தார். அதுவரை ஒவ்வொரு சாற்றையும் நோயாளிமேல்தான் சோதிக்க வேண்டியிருந்தது. இனி ஒரு சோதனைக்குழாய் போதும். அவருடைய முறையைப் பயன்படுத்தி 1948இல் மெர்க் நிறுவனம் ஈரலிலிருந்து சிவந்த படிகங்களாக பி12ஐப் பிரித்தெடுத்தது. இங்கிலாந்தில் லெஸ்டர் ஸ்மித்தும் அதே ஆண்டு அதே இடத்தை அடைந்தார். கோழிக்குஞ்சு தேடிய மர்மச் சத்தும் நோயாளியைக் காத்த சத்தும் பெருமளவு ஒன்றுதான் என்று தெரிந்தது. டன் கணக்கான ஈரலைக் காய்ச்சினாலும் கிடைத்தது சிட்டிகை அளவு. சீக்கிரமே, மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள் அதைத் தாராளமாகச் சுரக்கின்றன என்று கண்டுபிடித்தார்கள். ஈரலின் முதல் வேலை அதோடு முடிந்தது; இன்று மருந்தாகும் பி12 முழுவதும் தொட்டியில் வளரும் நுண்ணுயிரிகள் தருவது.

லெடர்லேயில் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டாக்ஸ்டாட்டும் மலிவான பி12 மூலம் ஒன்றைத் தேடினார்கள். அந்த நிறுவனம் ஆரியோமைசின் என்ற புதிய ஆன்ட்டிபயாடிக்கைப் பூஞ்சைபோன்ற ஒரு மண் நுண்ணுயிரியிலிருந்து காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தது. மிஞ்சிய கசடில் பி12 இருக்கும் என்று கணக்குப் போட்டு, அதைச் சில குஞ்சுகளின் தீவனத்தில் கலந்தார்கள். வேறு சில குஞ்சுகளுக்கு ஈரல் சாறு. அதுதான் ஒப்பிடும் அளவுகோல். 1948 டிசம்பர் கடைசியில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஜூக்ஸ் குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். கசடு தின்ற குஞ்சுகள் ஈரல் சாறு குடித்த குஞ்சுகளையே எடையில் மிஞ்சியிருந்தன.

பி12 மட்டும் என்றால் மிஞ்ச முடியாது. கசடில் ஒட்டியிருந்த ஆன்ட்டிபயாடிக்தான் குஞ்சைப் பெருக்கவைத்தது.

அந்தத் தராசின் முள் உலகத்தையே ஒரு பக்கம் சாய்த்தது என்று நான் நினைக்கிறேன். நோய் இல்லாத விலங்குக்குத் தினந்தோறும் சிறு அளவில் ஆன்ட்டிபயாடிக் ஊட்டினால் சீக்கிரம் கொழுக்கும் என்ற செய்தி சில மாதங்களில் பண்ணைகளுக்குப் பரவியது. 1951இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதியும் கொடுத்தது. கோழிக்கு, பன்றிக்கு, கன்றுக்கு என்று மூட்டை மூட்டையாகக் கலந்தார்கள். சிறு அளவில் நாள்தோறும் மருந்தைச் சந்திக்கிற பாக்டீரியா அதைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளும். இதைப் பிரிட்டனின் ஸ்வான் குழு 1969இலேயே எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஆன்ட்டிபயாடிக் கலப்பதை முழுவதும் நிறுத்த 2006 ஆனது. அமெரிக்கா 2017வரை எடுத்துக்கொண்டது. கடைசி ஆயுதமாக வைத்திருந்த கொலிஸ்டின் என்ற ஆன்ட்டிபயாடிக்குக்கும் பாக்டீரியாவை அடங்காமல் செய்யும் மரபணுவைச் சீனப் பன்றிகளில் கண்டதாக 2015இல் செய்தி வந்தது. இந்தியா 2019இல் கொலிஸ்டினைக் கால்நடைத் தீவனத்திலிருந்து தடைசெய்தது. பிறந்து ஒரு வாரம் ஆன குழந்தையின் ரத்தத்தில் எந்த மருந்துக்கும் மசியாத கிருமி வளர்கிறது என்று மருத்துவர் சொல்லும்போது, அந்தப் பயணத்தின் ஒரு முனை அந்த டிசம்பர் தராசில் இருக்கிறது. ஆய்வாளர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் தேடியது ஒரு வைட்டமினைத்தான். எச்சரிக்கை வந்த பிறகும் விற்றவர்களையும் அனுமதித்தவர்களையும் மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

நாய்க்கு ஏன் பிடிக்கிறது

ஈரல் நேரடியாகவே தீவனமான வரலாறும் உண்டு. அமெரிக்காவின் ட்ரௌட் மீன் பண்ணைகள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை குஞ்சுகளுக்குப் பச்சை ஈரலை அரைத்துத்தான் போட்டன. 1920களில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெக்கே, உலர்தீவனம் மட்டும் தின்ற மீன்கள் சில வாரங்களில் சாவதையும், கொஞ்சம் பச்சை ஈரல் சேர்த்தால் பிழைப்பதையும் பார்த்து, அதிலுள்ள அறியாப் பொருளுக்கு ‘ஃபேக்டர் எச்’ என்று பெயரிட்டார். இங்கேயும் அதே கதைதான்: வைட்டமின்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்ததும் ஈரல் விலகி, குறுணைத் தீவனம் வந்தது.

இன்று தீவனத்தில் ஈரலுக்கு இருக்கும் பெரிய வேலை சத்து அல்ல, சுவை. கடையில் வாங்கும் நாய்த்தீவன உருண்டை உள்ளே பெரும்பாலும் தானியமும் இறைச்சிமாவும்தான். நாய் ஓடி வந்து தின்பது மேலே தெளித்த பூச்சுக்காக. கோழி ஈரலையோ பன்றி ஈரலையோ கூழாக அரைத்து, மிதமான சூட்டில் புரதத்தை வெட்டும் நொதிகளைக் கலந்து விடுவார்கள். சில மணி நேரத்தில் கூழ் நீர்த்து ரசம்போல் ஆகிவிடும். பெரிய புரதங்கள் சிறு துண்டுகளாகவும் அமினோ அமிலங்களாகவும் உடையும். பிறகு அமிலம் சேர்த்து வேலையை நிறுத்தி, உருண்டைகள்மேல் தெளிப்பார்கள். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அதன் நாக்கு தேடுவது இந்த அமினோ அமிலங்களைத்தான். வளர்ப்பு இறால், மீன் தீவனத்தில் இரையை ஈர்க்கவும் இதே வகை ரசம் பயன்படுகிறது. ஜப்பானில் ஏறக்குறைய இதே முறையில் ஈரலைக் கரைத்து, மனிதர் கல்லீரலுக்கு வலுவூட்டும் மாத்திரையாகவும் விற்கிறார்கள்.

ஆபத்து வெப்பத்தில் இருக்கிறது, வெப்பம் போதாதபோது. பன்றி ஈரலில் ஹெபடைட்டிஸ் ஈ வைரஸ் இருக்கலாம். பிரான்ஸின் கோர்சிகாத் தீவில் ‘ஃபிகாத்தெல்லு’ என்று பச்சைப் பன்றி ஈரலில் செய்யும் ஒரு தொத்திறைச்சி உண்டு. அதை வேகவைக்காமல் தின்றவர்களுக்கு மஞ்சள்காமாலை வந்தது. ஜப்பான் 2015இல் பன்றி ஈரலைப் பச்சையாகப் பரிமாறுவதையே தடைசெய்தது. வீட்டில் சமைப்பவர்கள் நடுப்பகுதி இளஞ்சிவப்பாக இருக்கும்போது அடுப்பை அணைக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இன்னொன்று: 100 கிராம் பன்றி ஈரலில் வைட்டமின் ஏ சுமார் 6,500 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு 3,000 தாண்டக் கூடாது என்பது பாதுகாப்பு எல்லை. தாண்டினால் கருவுக்குக் கேடு. பிரிட்டன் அரசு கர்ப்பிணிகளை ஈரலே வேண்டாம் என்கிறது. கிழவி வைத்தியத்தில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் சிவப்பு மாத்திரைதான் நல்லது.

பன்றிக்கே பன்றி ஈரலை ஊட்டலாமா? கூடாது. தமிழ்நாட்டில் வெண்பன்றி வளர்ப்பவர்களில் பலர் ஓட்டல் கழிவை நம்பியே பிழைக்கிறார்கள். அந்தக் கழிவில் பச்சைப் பன்றிக்கறியோ ஈரலோ இருந்தால், ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் அதன் வழியே பண்ணைக்குள் வரும். அதற்கு மருந்து கிடையாது. 2020இல் அசாமில் இந்தியாவுக்குள் வந்த அந்த வைரஸ், 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிலும் உறுதியானது. கழிவை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் போட்டால் தப்பிக்கலாம். விறகுச் செலவைப் பார்த்து அதைத் தவிர்ப்பவர், பட்டி முழுவதையும் குழிவெட்டிப் புதைக்கும் நாளைச் சம்பாதிக்கிறார்.

இடதுகால் செருப்பு

ஆய்வுக்கூடத்தில் பன்றி ஈரலுக்கு அமைதியான இன்னொரு வாழ்க்கை இருக்கிறது. ஈரலை அசிட்டோனில் அரைத்துக் கழுவிக் காயவைத்தால் பழுப்புத் தூள் ஒன்று கிடைக்கும். அதில் ‘பிக் லிவர் எஸ்டரேஸ்’ என்ற நொதி நிறைந்திருக்கும். வேதியியலாளர்களுக்கு அது ஒரு பொக்கிஷம்.

ஏன் என்றால், மருந்து மூலக்கூறுகள் பல செருப்பு ஜோடிபோல் இருக்கும், இடது, வலது. உடம்பின் பூட்டில் ஒன்று மட்டுமே பொருந்தும். குடுவையில் சாதாரணமாகச் செய்தால் இரண்டும் சமமாகக் கலந்து வரும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் ஒரு மூலக்கூறை இந்த நொதியிடம் கொடுத்தால், அது ஒரு பக்கத்தை மட்டும் கத்தரித்துவிடும். இடதுகால் செருப்பு மட்டும் வரிசையாக வந்து விழும். அதுவும் வெறும் தண்ணீரில், அறை வெப்பத்தில்.

சிக்கல் என்னவென்றால், ஈரலிலிருந்து எடுப்பது ஒரு நொதியல்ல, ஒன்றுபோல் தோன்றும் பல நொதிகளின் கலவை. இந்தப் பன்றியின் தூளும் அந்தப் பன்றியின் தூளும் ஒரே முடிவைத் தராது. பன்றிப் பொருள் கலந்த மருந்தை யூதரும் இஸ்லாமியரும் ஏற்கத் தயங்குவார்கள் என்பது இன்னொரு சிக்கல். 2001இல் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் உவே போர்ன்ஷோயர் குழு, அந்த நொதிக்கான மரபணுவை ஈஸ்டுக்குள் வைத்து, பன்றி இல்லாமலே பன்றி நொதியை வளர்த்தது. பி12க்கு நடந்ததுதான் இங்கேயும்.

மீண்டும் முழு உறுப்பு

ஒரு பொருளைக் கண்டுபிடித்து, அதை வேறிடத்தில் வளர்த்து, ஈரலைக் கைவிடுவது என்றே நூறு ஆண்டு போனது. இப்போது முதல்முறையாக ஈரலை ஈரலாகவே கேட்கிறார்கள்.

கல்லீரல் திடீரெனச் செயலிழந்தவருக்குச் சிறுநீரகத்துக்கு இருக்கும் டயாலிசிஸ்போல் ஒன்று கிடையாது. நூற்றுக்கணக்கான வேலைகளைச் செய்யும் உறுப்புக்குப் பதிலாக வடிகட்டி ஒன்றை வைக்க முடியாது. 1965இல் அமெரிக்காவில் பென் ஐஸ்மன் குழு, நோயாளியின் ரத்தத்தை உடலுக்கு வெளியே வைத்த பன்றி ஈரல் வழியாக ஓடவிட்டுப் பார்த்தது. சில மணி நேரம் நினைவு திரும்பும். பிறகு ஈரல் உறைந்துவிடும். 1990களில் பன்றி ஈரல் செல்களைக் குழாய்க்குள் நிரப்பி ஒரு கருவி செய்தார்கள். 171 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2004இல் வந்தது: 30 நாள் தாண்டிப் பிழைத்தவர்கள் கருவியோடு 71 சதவீதம், கருவியில்லாமல் 62 சதவீதம். தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு இடைவெளி பெரிதாக இல்லை. அத்தோடு, பன்றியின் மரபணுவிலேயே ஒளிந்திருக்கும் வைரஸ் மனிதச் செல்லைத் தொற்றக்கூடும் என்று 1997இல் ஆய்வகத்தில் காட்டியிருந்தார்கள். பயம் எல்லாரையும் பிடித்துக்கொண்டது.

மரபணுவைத் திருத்தும் நுட்பம் வந்த பிறகு கதவு மறுபடி திறந்தது. பன்றிச் செல்களின்மேல் இருக்கும் மூன்று வகைச் சர்க்கரைகளைத்தான் நம் உடம்பு அந்நியன் என்று அடையாளம் கண்டு தாக்குகிறது. அவற்றை நீக்கி, மனித மரபணு 7 சேர்த்து, ஒளிந்திருக்கும் வைரஸை 59 இடங்களில் செயலிழக்கச் செய்து, மொத்தம் 69 திருத்தங்களோடு பன்றியை வளர்த்தது அமெரிக்காவின் ஈஜெனசிஸ் நிறுவனம். 2023 டிசம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், மூளைச்சாவு அடைந்த ஒருவரின் ரத்தத்தை அப்படிப்பட்ட ஈரல் உடலுக்கு வெளியே இருந்தபடி 72 மணி நேரம் தாங்கியது. 2024 மார்ச்சில் சீனாவின் ஷிஆன் நகரில், மூளைச்சாவு அடைந்தவரின் உடலுக்குள்ளேயே வைத்த பன்றி ஈரல் 10 நாள் பித்தநீர் சுரந்தது.

அதே ஆண்டு மே மாதம் அன்ஹுய் மாகாணத்தில் 71 வயது மனிதருக்குச் செய்தது அடுத்த படி. அவருடைய ஈரலின் வலப்பக்கத்தில் பெரிய புற்றுக்கட்டி. அதை அறுத்தெடுத்தால் மிஞ்சும் இடப்பக்கம் தாங்காது. பத்து மரபணு திருத்திய பன்றியின் ஈரலைத் துணைக்கு வைத்தார்கள். அது பித்தநீர் சுரந்தது, புரதமும் செய்தது. 38ஆம் நாள் சிறு ரத்தநாளங்களில் ரத்தம் உறைந்து அடைப்பு உண்டாக, அதை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குள் அவருடைய சொந்த ஈரல் வேலையை ஏற்கும் அளவுக்குத் தேறியிருந்தது. மொத்தம் 171 நாள் வாழ்ந்தார்.

இதயம், சிறுநீரகத்தைவிட ஈரல் ஏன் கடினம்? பன்றி ஈரலின் செல்கள் மனித ரத்தத் தட்டணுக்களை விழுங்கிவிடுகின்றன. ரத்தம் உறையாமல் ஒழுகும். ஈரல் செய்யும் உறைபொருள்களோ பன்றியினுடையவை. மனித உடம்பின் கட்டுப்பாட்டுக்கு முழுவதும் அடங்காமல், வேண்டாத இடத்தில் உறையவைக்கும். ஒழுகுதலும் உறைதலும் ஒரே உடம்பில். ஆகவே நிரந்தரமாக வைப்பதைவிட, சில நாள் தாங்கவைப்பதுதான் இன்றைய நிலையில் நேர்மையான இலக்கு. வெளியே வைத்துத் தாங்கும் முறையை உயிருள்ள நோயாளிகளிடம் சோதிக்க 2025இல் அமெரிக்கா அனுமதி அளித்துள்ளது.

சில நாள் போதுமா என்று கேட்பவர்கள் வேலூர் சி.எம்.சி. ஈரல் பிரிவின் அனுபவத்தைப் படிக்க வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிமருந்துப் பசை உடம்புக்குள் போய் ஈரல் செயலிழந்தவர்கள் தமிழ்நாடெங்கும் இருந்து வருகிறார்கள். பெரும்பாலும் இளம் வயது. அரசு 2022இல் அந்தப் பசையைத் தடைசெய்த பிறகும் முற்றிலும் நிற்கவில்லை. மாற்று ஈரலுக்கு வசதியோ நேரமோ இல்லாதவர்களுக்கு அங்கே பிளாஸ்மாவை மாற்றிக் காத்திருக்கிறார்கள். ஈரல் தானாக வளரும் உறுப்பு. ஒரு வாரம் தாங்கிவிட்டால் பலர் பிழைத்துக்கொள்வார்கள்.

அப்படித் தாங்கப்போகும் ஈரல் இறைச்சிக்கூடத்துத் தட்டிலிருந்து வராது. அந்தப் பன்றி மண்ணையே மிதிக்காது. தாய்ப்பன்றியின் வயிற்றைக் கிழித்து எடுத்த குட்டியை வடிகட்டிய காற்றுள்ள அறையில் வளர்க்கிறார்கள். புழுவும் இல்லை, புள்ளியும் இல்லை. அதன் தீவனத்துக்கும் அமெரிக்க வழிகாட்டுதலில் ஒரு நிபந்தனை இருக்கிறது: உருக்கி மறுசுழற்சி செய்த விலங்குப் பொருள் எதுவும் அதில் கலக்கவில்லை என்பதற்கு எழுத்துபூர்வமான பதிவு வேண்டும். ஈரலைத் தரப்போகும் பன்றியின் தொட்டியில் ஈரல் மாவு ஒரு கைப்பிடி கூட விழக் கூடாது.